வேஷமும் மறுரூபமும்

2022-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் வெளியான 'விக்ரம்' என்னும் தமிழ்த் திரைப்படத்தைக் குறித்து இறையியல் ஏடொன்றில் எழுதப் புகுவது வாசகருள் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். லோகேஷ் கனகராஜ் இயக்கி, கமல்ஹாசன் தயாரித்து நடித்த அப்படம், போதைப்பொருள் கூட்டத்தாரோடு முதியவர் ஒருவர் நடத்தும் போரைக் கூறும் குற்றக்கதை. இரவும் துப்பாக்கியும் இரத்தமும் நிறைந்தது. ஆயினும் அதைக் கண்டு வெளியே வந்த இளைஞரிற் பலர் பேசியது கதையைப் பற்றியன்று, கதைத்தலைவனைப் பற்றியுமன்று. படத்தின் இறுதியில் சில நிமிடங்களே தோன்றும் 'ரோலக்ஸ்' என்னும் தீயவனைப் பற்றியே பேசினர். அவ்வேடத்தைப் பூண்டவர் நடிகர் சூர்யா.

இதற்கு ஏழு மாதங்களுக்கு முன்னர்தான், 2021 நவம்பரில், 'ஜெய் பீம்' என்னும் படத்தில் அதே சூர்யா, காவல்நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்ட ஓர் ஏழையின் மனைவிக்காக வழக்காடும் வழக்கறிஞராகத் தோன்றினார். ஏழை மாணவரின் கல்விக்கு உதவும் அகரம் அறக்கட்டளையின் வாயிலாகவும் நாடு அவரை அறியும். அத்தகையவர் கொலையும் குரூரமும் தாங்கிய முகத்தோடு வந்து நின்றபோது அரங்குகள் அதிர்ந்தன. இரசிகர் கொண்டாடியது அம்மாற்றத்தையே. இந்த முகம் எப்படி அந்த முகமாயிற்று என்பதே அவர்களுடைய வியப்பு. கமல்ஹாசன் தம்முடைய ரோலக்ஸ் கைக்கடிகாரத்தையே சூர்யாவுக்குப் பரிசளித்த செய்தி அவ்வியப்பை மேலும் பெருக்கிற்று.

செஞ்சியையும் சிங்கவரத்தையும் சுற்றியுள்ள சிற்றூர்ச் சபைகளில் வாலிபரோடு பழகும் போதகர் எவரும் இதைக் கண்டிருப்பர். வாலிபர் கூடுகைக்கு வருகிறவன் கழுத்தைச் சாய்த்து, கண்ணை உருட்டி, அத்தீயவனைப்போல ஒரு முறை நடந்து காட்டுவான். மற்றவர் சிரித்துக் கைதட்டுவர். இதைக் கண்டு அஞ்சுவதா, சிரித்து விடுவதா, அல்லது இதற்குள் கேட்கவேண்டியது ஏதேனும் உண்டா?

நமது சபைகளின் பழைய விடையை யாவரும் அறிவோம். திரைப்படம் பாவம், பார்ப்பவன் பின்வாங்கினவன். இவ்விடைக்கு நீண்ட வரலாறு உண்டு. கி.பி. 200-ஐ ஒட்டிய காலத்தில் ஆப்பிரிக்கத் திருச்சபையின் தெர்த்துல்லியன் காட்சிக் களியாட்டங்களைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். அரங்கிற்கும் போர்விளையாட்டுத் திடலுக்கும் கிறிஸ்தவன் போகலாகாது என்பதற்கு அவர் காட்டும் காரணங்கள் வலுவுடையன. ஆனால் அந்நூல் எப்படி முடிகிறது என்பதை நம்மவர் மறந்துவிடுகின்றனர். இவற்றையெல்லாம்விடப் பெரிய காட்சி ஒன்று வரும், அது நியாயத்தீர்ப்பின் நாள் என்று தொடங்கி, அரசரும் அறிஞரும் நடிகரும் தீயில் துடிப்பதைத் தாம் பார்க்கப்போகும் மகிழ்ச்சியை அவர் விரித்துரைக்கிறார். குரூரக் காட்சியை விலக்கச் சொன்னவர் அதைவிடக் குரூரமான காட்சியைத் தமக்கென ஒதுக்கி வைத்திருந்தார். பார்வையின் பசி அடங்கவில்லை. தவணை மாத்திரம் மாறிற்று.

அகுஸ்தீன் இதில் இன்னும் நேர்மையானவர் என்பது என் கருத்து. தம்முடைய 'அறிக்கைகள்' நூலில் தம் நண்பர் அலிப்பியுவின் கதையை அவர் கூறுகிறார். உரோமையில் நண்பர்கள் அலிப்பியுவைப் போர்விளையாட்டுக்கு வலிந்து இழுத்துச் சென்றனர். உடல் அங்கிருந்தாலும் உள்ளம் இராது என்று சொல்லி அவர் கண்களை மூடிக்கொண்டு அமர்ந்தார். கூட்டம் திடீரென்று ஆரவாரித்தது. என்னவென்று காணக் கண்ணைத் திறந்தார். அவ்வளவுதான், மறுபடி மூட அவரால் இயலவில்லை. கண்ணை மூடியவரைக் காது காட்டிக்கொடுத்தது என்பதே இக்கதையின் நுட்பம். இன்று திரையரங்கில் 'ரோலக்ஸ்' தோன்றுமுன் அனிருத்தின் இசை செய்கிற வேலையும் அதுவே. முகம் தெரியும் முன்னரே செவி வணங்கிவிடுகிறது.

இனி 'மாற்றம்' என்ற சொல்லுக்கு வருவோம். நடிகர் வேறொருவராய் மாறுதலை இரசிகர் வியக்கிறார்கள் என்றோம். நமது திருமறை இத்தகைய மாற்றத்துக்கு இரண்டு சொற்களை வழங்குகிறது. ஒன்று வேஷம், மற்றது மறுரூபம். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 12-ஆம் அதிகாரம் 2-ஆம் வசனத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. உலகுக்கேற்ற வேஷம் விலக்கப்படுகிறது. மனம் புதிதாவதால் வரும் மறுரூபம் கட்டளையிடப்படுகிறது. கிரேக்கத்தில் முதலாவதின் வேர் 'ஸ்கேமா', அதாவது புறத்தோற்றம், கோலம். இரண்டாவதின் வேர் 'மொர்ஃபே', அதாவது உருவம், உள்ளியல்பின் வெளிப்பாடு. மலையில் ஆண்டவருடைய தோற்றம் மாறியதற்கு மத்தேயு வழங்கும் சொல்லும் இவ்விரண்டாவதே. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தில் கள்ள அப்போஸ்தலரையும் சாத்தானையும் பேசும்போது பவுல் முதற்சொல்லின் வழிப்பட்ட வினையை ஆளுகிறார்; தமிழிலும் வேஷம் என்றே வந்திருக்கிறது.

இவ்வேறுபாட்டை லைட்ஃபுட் 1868-இல் வெளியிட்ட பிலிப்பியர் உரையில் விரிவாக ஆராய்ந்தார். அதை அளவுக்கு மீறி அழுத்தலாகாது என்று பின்வந்தோர் எச்சரித்திருக்கின்றனர், அவ்வெச்சரிக்கை சரியானதே. பிலிப்பியர் 2:8-இல் 'ஸ்கேமா' வரும் இடத்தில் நமது தமிழ் மொழிபெயர்ப்பாளர் ரூபம் என்ற சொல்லையே இட்டனர் என்பதையும் மாணவர் கவனிக்கவேண்டும். எனினும், செஞ்சி நாட்டில் ஊழியஞ் செய்பவனுக்கு வேஷம் என்ற சொல் அகராதிச் சொல்லன்று. கண்ணெதிரே நடமாடும் சொல். ஏனெனில் இது கூத்து நாடு.

செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலே அவ்வழிபாட்டின் மூலத்தலம் என்று இப்பகுதி மக்கள் கருதுகின்றனர். ஆல்ஃப் ஹில்ட்டெபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் இதைப்பற்றி 1988-இல் பெருநூல் ஒன்று வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே செஞ்சியின் பெயர் உண்டு. திருவிழாக் காலத்தில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. பதினெட்டாம் போரின் நாளில் துரியோதனனின் மாபெரும் மண்ணுருவம் தரையில் கிடக்கும், அதுவே படுகளம். உழுது பிழைப்பவர் முகத்தில் அரிதாரம் பூசி, மரத்தாற்செய்த கிரீடமும் புஜக்கட்டையும் பூண்டு விடியும்வரை அரசராய் நிற்பர். மாற்றம் என்பதை இம்மக்கள் திரைப்படத்திலிருந்து கற்றுக்கொள்ளவில்லை.

கூத்தில் தீயவன் எப்படி வருகிறான் என்பதைக் கூர்ந்து நோக்கினால் நமது பொருளுக்கு வெளிச்சம் கிடைக்கும். துரியோதனன் முதலில் திரைக்குப் பின்னே நிற்பான். இருவர் பிடித்திருக்கும் சீலையின் மேல் கிரீடத்தின் நுனி தெரியும். உள்ளிருந்து பாட்டும் அதட்டலும் கேட்கும். கால் சலங்கை ஒலிக்கும். கூட்டத்தின் ஆவல் ஏறும். இதுவரை திரைப்படத்தின் உத்தியும் இதுவும் ஒன்றே. ஆனால் சீலை விலகும்போது துரியோதனனுக்கு எதிரே கட்டியங்காரன் நிற்கிறான். அவன் வாயிற்காவலன், விதூஷகன், ஊர்க்காரன், எல்லாம். அரசனே, நீர் யார்? எந்த நாடு? இத்தனை பெரிய கிரீடத்தை எப்படிச் சுமக்கிறீர்? வரும் வழியில் யாரை மிதித்துவிட்டு வந்தீர்? இப்படிப் பணிவாகத் தொடங்கி, குறும்பாக முறுக்கி, அரசனை அவன் வாயாலேயே சொல்ல வைப்பான். கூட்டம் சிரிக்கும். துரியோதனனின் கம்பீரம் குன்றுவதில்லை. நடிப்பின் மேன்மையும் குறைவதில்லை. ஆனால் அக்கம்பீரத்தின்மேல் சிரிப்பு ஒன்று ஏறி உட்கார்ந்துவிடுகிறது. இனி அவனை வணங்க முடியாது. வியக்க மட்டுமே முடியும்.

துகிலுரிதல் கூத்தில் இன்னொன்று நிகழும். துச்சாதனன் வேடங்கட்டியவர் அச்செயலுக்குக் கை நீட்டுமுன் ஆட்டம் நிற்கும், கற்பூரம் ஏற்றப்படும், அவர் அம்மனை வணங்கி மன்னிப்புக் கேட்பார். பிறகே ஆட்டம் தொடரும். தீமையை நடிப்பதுங்கூட அச்சத்துக்குரியது என்ற உணர்வு அதில் உண்டு. இதில் நமக்கு உடன்பாடில்லாத சமயக் கருத்துகள் கலந்திருக்கின்றன என்பது உண்மையே. எனினும் வேடத்துக்கும் வேடதாரிக்கும் இடையே, வேடத்துக்கும் காண்போருக்கும் இடையே, ஒரு கோடு கிழிக்கவேண்டும் என்பதை இவ்வேழைக் கலைஞர் கண்டுகொண்டனர். 'ரோலக்ஸ்' தோன்றும் காட்சியில் அக்கோடு இல்லை. அங்கே கட்டியங்காரன் இல்லை. எதிரே நிற்பவர் எல்லாரும் நடுங்குகின்றனர். கேள்வி கேட்பார் ஒருவருமில்லை. அவனைச் 'சார்' என்றே அழைக்கவேண்டும். அவனால் கொல்லப்படுபவனுக்கு நம் மனத்தில் தங்கும் முகமும் இல்லை, அழுவதற்கு ஒரு மனைவியும் இல்லை.

திரைப்படங்கள் யாவும் இப்படிப்பட்டவையல்ல. 1954-இல் ஏ.வி.எம். நிறுவனம் தயாரித்து, எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்' பாட்டே இல்லாத குற்றக்கதை. 'பராசக்தி'யில் அநீதியைக் கண்டு பொங்கிய சிவாஜி கணேசன், அதற்கு இரண்டே ஆண்டுகளில், நாட்டின் இரகசியத்தைப் பகைவருக்கு விற்கும் பொறியாளனாக இதில் வந்தார். தொடக்கத்திலேயே அவன் பிணமாய்க் கிடக்கிறான். அவன் யாரென்பதைப் பலர் வாயாற் கேட்கிறோம். ஒவ்வொருவர் சொல்லும் ஒவ்வொரு முகத்தைக் காட்டுகிறது. கடைசியில் அவனை நேசித்த மனைவியே அவனுக்கு நீதிபதியாகிறாள். நடிப்பின் மாற்றத்தை முழுமையாக வியக்கலாம். ஆனால் வியப்போடு தீர்ப்பும் நம்மை வந்தடைகிறது. 2006-இல் செல்வராகவன் இயக்கிய 'புதுப்பேட்டை'யில் தனுஷ் ஏற்ற வேடமும் இவ்வகையில் கருதத்தக்கது. மெலிந்த ஏழைச் சிறுவன் ஒருவன் பிச்சையெடுத்து, அடிபட்டு, பிறகு அடித்து, ரவுடியாகி, அரசியலுக்குள்ளும் ஏறுகிறான். அவன் தீயவனாவதன் படிகளை நாம் ஒவ்வொன்றாகக் காண்கிறோம். தீமைக்கு அங்கே ஒரு வரலாறு உண்டு. 'ரோலக்ஸ்' வரலாறில்லாதவன். வானத்திலிருந்து விழுந்தவனைப்போல அவன் முழுமையாய் வருகிறான். அதனாலேயே அவனை வணங்குவது எளிதாகிறது.

முந்தைய தலைமுறை இரசிகரோ வேறொரு பிழை செய்தனர். அவர்கள் வேடத்தையும் ஆளையும் பிரித்துப் பார்க்க மறுத்தவர்கள். எம்.ஜி.ஆர். திரையில் குடிக்கவும் புகைக்கவும் மறுத்தார். அந்நல்லவன் வேடம் வாக்குச்சீட்டாகவும் மாறிற்று. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் அக்கதையை ஆராய்கிறது. எம்.என். நம்பியாரோ திரையில் கொடியவர். வாழ்க்கையில் மதுவும் மாமிசமும் தொடாதவர், ஆண்டுதோறும் சபரிமலைக்குப் பலரை நடத்திச்சென்ற குருசாமி. சிற்றூர்ப் பெண்கள் அவரை நிஜமாகவே திட்டினர். இன்றைய இளைஞன் அப்படி ஏமாறுவதில்லை. சூர்யா நல்லவர் என்பதை அவன் நன்கறிவான், அறிந்தே கொண்டாடுகிறான். ஆகையால், வேடத்தை உண்மையென நம்புகிறான் என்று பிரசங்க பீடத்திலிருந்து அவனைக் கண்டிப்பது அவன்மேற் படாத அம்பு.

நடிகர் உடலை வருத்துவதை இரசிகர் தவமாகவே மதிக்கின்றனர். 2015-இல் வெளியான 'ஐ' படத்துக்காக நடிகர் விக்ரம் உடலை எவ்வளவு பெருக்கினார், எவ்வளவு இளைத்தார் என்று கிலோக் கணக்கில் பேசப்பட்டது. செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகும் வழியில் திருநாதர்குன்று இருக்கிறது. சந்திரநந்தி என்னும் சமண முனிவர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் பழங்கல்வெட்டு அங்குண்டு; பாறையில் தீர்த்தங்கரர் 24 பேரின் உருவங்களும் உண்டு. அங்கே நாளைக் கணக்கிட்டனர், இங்கே கிலோவைக் கணக்கிடுகின்றனர். அம்முனிவர் யாருக்கும் காட்டுவதற்காக இளைக்கவில்லை என்ற வேற்றுமை மட்டும் உண்டு.

அப்படியானால் இளைஞன் எதைத்தான் கொண்டாடுகிறான்? என் விடை இது. அவன் அந்தச் 'சார்' என்ற சொல்லைக் கொண்டாடுகிறான். செஞ்சிப் பகுதிச் சபைகளிற் பெரும்பாலானவை ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புகளில் எழும்பினவை. ஆர்க்காட்டு மிஷனாரின் காலத்திலிருந்தே அப்படித்தான். அவ்விளைஞனின் பாட்டனார் ஊர்த்தெருவில் செருப்பணிந்து நடக்கக்கூடாதவராயிருந்தார். தந்தை கூலிக்குக் கைகட்டி நின்றார். அவன் படித்துவிட்டுச் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ வேலைக்குப் போனால், அங்கே யாரையேனும் 'சார்' என்று அழைப்பவனாகவே இருக்கிறான். இப்போது அவன் முன் ஒருவன் வருகிறான். அறையிலுள்ள அத்தனை பேரும் எழுந்து நிற்கின்றனர். எவனும் அவனைப் பெயர் சொல்லி அழைக்கத் துணிவதில்லை. அக்காட்சி இளைஞனுக்குப் போதைப்பொருளைப் பற்றியதோ கொலையைப் பற்றியதோ அன்று. நிமிர்ந்து நிற்பதைப் பற்றியது. மதிப்புக்கு ஏங்குகிறவனுக்கு அச்சத்தையே மதிப்பெனக் காட்டி அப்படம் விற்றிருக்கிறது. ஏக்கம் மெய்யானது, சரக்கு பொய்யானது.

இங்கேதான் நமது பிரசங்கம் இடறுகிறது. இவ்வாலிபனிடம் போய் பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து, ஆண்டவர் அடிமையின் ரூபமெடுத்தார், ஆகையால் நீயும் தாழ்மையாயிரு என்கிறோம். அவன் கேட்டுக்கொண்டு சும்மா போய்விடுகிறான். ஏன் போகிறான் என்று நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். அடிமையின் ரூபத்தை எடுத்தவர் தேவனுடைய ரூபமாயிருந்தவர். இறங்கியவர் மேலிருந்தவர். கீழே வைக்கப்பட்டவனைக் கீழேயே இருக்கச் சொல்வதற்கு அப்பகுதி எழுதப்படவில்லை. அதைப் பண்ணையாருக்கும் பேராயருக்கும் சபைச் செயலாளருக்கும் பிரசங்கித்துவிட்டு வந்தாலன்றி அவ்வாலிபனுக்குப் பிரசங்கிக்க நமக்கு வாயில்லை. மேலும் அப்பகுதி அடிமை ரூபத்தோடு முடிவதில்லை. எல்லா முழங்காலும் முடங்கும் நாமத்தில் போய் முடிகிறது. எழுந்து நிற்கும் கூட்டமும் மண்டியிடும் உலகமும் அப்பகுதியிலும் உண்டு. ஆனால் அங்கே முழங்கால் முடங்குவது கொன்றவன் முன் அன்று, கொல்லப்பட்டவர் முன்.

'ஜெய் பீம்' படத்தில் நான் போற்றும் மாற்றம் சூர்யாவுடையதன்று. இருளர் இளைஞனாகவும் அவன் மனைவியாகவும் நடித்த மணிகண்டனும் லிஜோமோல் ஜோசும் அம்மக்களோடு தங்கிப் பழகி, அவர்களுடைய நடையையும் நிற்கும் விதத்தையும் கற்றனர். அப்படத்துக்கு அடிப்படையான நிகழ்ச்சி 1993-இல் அன்றைய தென்னார்க்காட்டில் நடந்தது. இறந்தவர் உண்மையில் குறவர் வகுப்பைச் சேர்ந்தவர், படம் அதை இருளராக மாற்றிற்று. திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் இருளர் நம் அண்டை வீட்டார். பொய்வழக்குகளுக்கு இரையாகிவந்த சமுதாயம். அப்படத்திலும் குரூரக் காட்சிகள் உண்டு; காவல்நிலையத்தில் அடிக்கும் காட்சியிலிருந்து ஒளிப்பதிவுக் கருவி நெடுநேரம் விலகுவதேயில்லை. ஆனால் அங்கே நாம் பார்ப்பது விருந்துண்பதன்று, சாட்சியாதல். அடிபடுகிறவனுக்குப் பெயர் உண்டு, குழந்தை உண்டு, கட்டவிரும்பிய கல்வீடு உண்டு. அந்த மாற்றத்தை நடித்துக் காட்டும் வாலிபனை நான் இதுவரை கண்டதில்லை. யாரும் இருளனைப்போல நடந்து காட்டிக் கைதட்டல் வாங்குவதில்லை.

சிங்கவரத்துக் குடைவரையில் பள்ளிகொண்ட அரங்கநாதரைப் பற்றி ஊரார் ஒரு கதை சொல்வர். 1714-இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையை எதிர்க்கப் புறப்பட்ட செஞ்சி மன்னன் தேசிங்கு, தன் குலதெய்வமான அவரிடம் விடைபெற வந்தானாம். அவர் போகவேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அவன் கேளாமற் போய் மாண்டான். அச்சிலையின் முகம் சற்றே ஒருபுறம் சாய்ந்திருப்பதற்கு இதுவே காரணமென்பர். நமக்கு இது புராணக்கதை. எனினும் எபிரேயத் திருமறையை வாசிப்பவனுக்கு இதில் ஏதோ பழக்கமான ஒலி கேட்கும். கடவுள் தம் முகத்தை மறைத்தல் என்பது உபாகமத்திலும் சங்கீதங்களிலும் தீர்க்கதரிசிகளிடத்திலும் திரும்பத் திரும்ப வருவது. இரத்தம் நிறைந்த கைகள் ஏறெடுக்கப்படும்போது தம் கண்களை மறைத்துக்கொள்வதாக ஏசாயாவின் முதல் அதிகாரத்தில் அவர் சொல்கிறார். எல்லாவற்றையும் காண்கிறவர் காண மறுக்கிற ஒன்று உண்டு என்பது வியக்கத்தக்க போதனை. பார்க்காதிருத்தலும் ஒரு தீர்ப்பு.

இதைத் திரைப்பட விமரிசனத்தின் அளவுகோலாகக் கொண்டால் 'விக்ரம்' எங்கே நிற்கும்? போதைப்பொருளற்ற சமுதாயத்துக்காகவே தன் கதைத்தலைவன் போராடுவதாக அப்படம் கூறுகிறது. பலத்த ஒலியைத் தாங்கமுடியாத இதயநோயுள்ள ஒரு பச்சைக் குழந்தையை அதன் நடுவில் வைத்து, துப்பாக்கிகளுக்கிடையே அதைக் காத்துக்கொண்டு ஓடுகிறார் முதியவர். அது அழகிய கற்பனை. அக்காட்சிகளை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் முடிவில், இத்தனை உயிர்களையும் அக்குழந்தையையும் மறக்கச் செய்யுமாறு, நஞ்சு விற்பவனையே ஒளிவட்டத்தில் நிறுத்தி, அடுத்த படத்துக்கு அடையாளம் காட்டிப் படம் முடிகிறது. சூர்யாவின் திறமையில் ஐயமில்லை. 2001-இல் 'நந்தா', 2003-இல் 'பிதாமகன்' முதலாக அவர் முகத்தை மாற்றும் கலையை முயன்று கற்றவர். குறை நடிகரிடத்தில் இல்லை; திருப்பவேண்டிய இடத்தில் முகத்தைத் திருப்பத் தெரியாத படத்தினிடத்தில் இருக்கிறது.

நஞ்சு விற்பவன் நம் மாவட்டத்திலும் உண்டு. சிங்கவரம் அடங்கிய விழுப்புரம் மாவட்டத்திலேயே, மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில், 2023 மே மாதத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த ஆண்டு ஜூனில் அண்டை மாவட்டமான கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் இறந்தோர் 60-க்கும் மேற்பட்டோர். திரைப்படம் பார்த்து எவரும் சாராயம் விற்கத் தொடங்கினர் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்வது அறியாமை. அங்கே நஞ்சு சில்லறை விலைக்குச் சிறு பொட்டலத்தில் வந்தது என்பதைச் சொல்கிறேன். கொடுத்தவனுக்குப் பின்னணி இசை இல்லை. அவனைக் கண்டு யாரும் எழுந்து நிற்கவுமில்லை. மெய்யான தீமை பெரும்பாலும் பார்ப்பதற்குச் சலிப்பூட்டுவது. நடிகர் முகத்தில் அது பெறும் கம்பீரம் நடிகர் கொடுத்த கடன்.

மாயக்காரர் என்று நமது சுவிசேஷங்களில் மொழிபெயர்க்கப்பட்ட சொல் கிரேக்கத்தில் மேடை நடிகனைக் குறித்தது. தமிழ்ச்சொல் அந்த மேடையை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. ஆண்டவர் அச்சொல்லால் சுட்டியது மேடைக் கலைஞரை அன்று. தெருமுனைகளில் நின்று ஜெபித்தவரை. ஆகவே திரைப்பட இரசிகனைக் குறித்துப் போதகர் எழுதும் எக்கட்டுரையும் வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும். நானும் நம்முடைய மேடைக்கே வருகிறேன்.

கிறிஸ்துமஸ் நாடகத்தில் எந்த வேடத்துக்குப் போட்டி மிகுதி? யோசேப்புக்கன்று. யோசேப்பாக நிற்க ஆள் பிடிக்கவேண்டும். ஏரோதாக வருவதற்கே எல்லாரும் முந்துவர். வாலிபர் சங்கத்திலேயே உயரமானவன், உரத்த குரலுள்ளவன் அதைப் பெறுகிறான். ஜரிகை மேலாடை, மை தீட்டிய மீசை, ஒலிபெருக்கியில் அட்டகாசச் சிரிப்பு. பெத்லகேமின் குழந்தைகளைக் கொல்ல அவன் கட்டளையிடும்போது கூட்டத்தில் சீழ்க்கை பறக்கும். அவனுடைய தாயார் முன்வரிசையில் பெருமிதத்தோடு அமர்ந்திருப்பார். நடுக்கால இங்கிலாந்தின் கவெந்திரி நாடகத்திலும் ஏரோது மேடையைவிட்டுத் தெருவில் இறங்கி ஆர்ப்பரிக்கவேண்டும் என்ற குறிப்பு இருக்கிறது. எனவே இது செஞ்சி வாலிபரின் தனிக்குற்றமன்று. குழந்தைகளைப் பறிகொடுத்த தாய்மார் நம் நாடகங்களில் பெரும்பாலும் மேடைக்கே வருவதில்லை. ராகேலின் அழுகையை மத்தேயு மறக்கவில்லை. நாடகம் எழுதும் நாம் நேரமில்லையென்று விட்டுவிடுகிறோம்.

மறைந்த தியோபிலஸ் அப்பாவு அவர்கள் நாட்டார் இசையையும் கூத்தின் சாயலையும் நமது வழிபாட்டுக்குள் கொண்டுவந்தபோது, இவை ஆலயத்துக்கு ஏற்றவையா என்று கேட்டவர் உண்டு. அவர் திறந்த வழியில் இன்னும் ஓரடி வைக்கலாம். வரும் கிறிஸ்துமஸில் ஏரோதின் பாத்திரத்தை நீக்கவேண்டாம். உயரமான அந்த வாலிபனிடமிருந்து அதைப் பறிக்கவும் வேண்டாம். அவன் நன்றாகவே நடிக்கட்டும். ஆனால் மேலச்சேரிக் கூத்தைப் பலமுறை பார்த்த பெரியவர் ஒருவரைச் சபையிலேயே தேடிப்பிடித்து, ஏரோதுக்கு எதிரே ஒரு கட்டியங்காரனை நிறுத்தச் சொல்லுங்கள். அவன் கையைக் கட்டிக்கொண்டு மிகப் பணிவாகக் கேட்கட்டும்: மகாராஜாவே, தாங்கள் யார்? எந்த நாடு? இந்தக் கிரீடத்தை உரோமையில் யாரிடம் வாங்கினீர்? இரண்டு வயதுப் பிள்ளைக்கு எத்தனை போர்வீரர் வேண்டும்? அந்தப் பிள்ளையின் பெயரைத் தாங்கள் கேட்டீர்களா?